ஒடிலியாவின் முதுகு

எம்மெட் க்ரோல் வரைந்த சினிமாச் சுவரொட்டி எதிலும் அவர் பெயர் இருக்காது. எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. நாயகி பெயர், நாயகன் பெயர், தயாரிப்பாளர் பெயர் எல்லாம் பெரிதாக இருக்கும். அச்சகத்தின் பெயர்கூடக் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படம் வரைந்தவன் பெயர் மட்டும் இருக்காது. அந்த எழுத்துகளை வரைந்தவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். கோவர் தெருவில் இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவில் எம்மெட் படம் வரைவார். அவர் விட்டுவைத்த வெற்றிடத்தில் நான் எழுத்து வரைவேன். பதினாறு வருஷம் ஒரே அறையில், ஒரே வடக்கு ஜன்னலின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அவர் சின்சினாட்டிக்காரர். அங்கே கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் ஒரு கூடத்தில் சர்க்கஸ் கம்பெனிகளுக்கு யானையும் புலியும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒடிலியாவுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வருஷா வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிடுவாள் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் இருவரும் கலிஃபோர்னியாவுக்கு ரயில் ஏறினார்கள். குழந்தைகள் இல்லை. எக்கோ பார்க் பக்கம் மேட்டில் ஒரு வாடகை வீடு. சமையலறைக்குக் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்காகத்தான் அந்த வீட்டையே பிடித்தார்கள்.

நடிகைகள் சுவரொட்டிக்காக வந்து நிற்க மாட்டார்கள். ஸ்டூடியோ எங்களுக்கு முகத்தின் புகைப்படங்களை மட்டும் அனுப்பும். கழுத்துக்குக் கீழே எல்லாம் வரைகிறவன் பாடு. மாதிரிக்கு நிற்க எம்மெட் வெளியே யாரையும் தேடிப் போகவில்லை. ஒடிலியா அடுப்பில் பீன்ஸை வேக வைத்துவிட்டு ஜன்னலருகே வந்து நிற்பாள். அவர்கள் இங்கே வந்த முதல் எட்டு வருஷத்தில் எங்கள் ஸ்டூடியோ நாயகிகளின் கைகள், பாதங்கள், தோள்கள் எல்லாமே அவளுடையவைதான். ஒரு முறை நானும் அவளும் டிராமில் போகும்போது ஒரு தியேட்டர் வாசலைக் காட்டிச் சொன்னாள்.

"என் உடம்பு மேல யார் யார் தலைய எல்லாம் வெச்சிருக்கார் பாரு, வெர்னா. தீர்ப்பு நாள்ல எது என் தலைன்னு ஆண்டவருக்கே கொழப்பம் வந்துடும்."

உயரமான பெண். அதிகம் பேச மாட்டாள்; பேசினால் இப்படித்தான் பேசுவாள். கத்தோலிக்கப் பெண்; ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. தங்கள் வட்டாரத்துப் பங்குக் கோயிலில் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்து மடித்துக் கொடுக்கும் பெண்கள் குழுவில் அவளும் ஒருத்தி. அந்த வேலையில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. தேய்த்த துணியில் ஒரு சுருக்கம் தெரிந்தால் முழுவதையும் மறுபடி நனைத்து ஆரம்பத்திலிருந்து தேய்ப்பாள்.

முப்பத்து மூன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில் 'துறைமுக மனைவி' என்று ஒரு படம் எங்களிடம் விளம்பரத்துக்கு வந்தது. கணவன் கப்பலில் போனபின் ஒருத்தி என்ன பாடுபடுகிறாள் என்பது கதை. எம்மெட் ஒரு பெண் ஜன்னலோரம் நமக்கு முதுகைக் காட்டி நின்று, தூரத்துக் கப்பலைப் பார்க்கிற மாதிரி பென்சில் படம் போட்டார். மேலாடை தோள்பட்டையிலிருந்து கொஞ்சம் நழுவியிருந்தது, அவ்வளவுதான். விளம்பரப் பிரிவின் தலைவர் ஹல்பர்ட் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னய்யா எம்மெட், மழைக்குப் போத்திக்கிட்டு நிக்கற மாதிரி நிக்கறா. டிக்கெட் எடுக்கறவன் எதுக்கு வரான்னு உனக்குத் தெரியாதா?"

நீலப் பென்சிலால் இடுப்புக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'இதுவரை இறக்கு' என்று எழுதித் தன் முதலெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு சனிக்கிழமைக் காலைகளில் ஒடிலியா அந்த ஜன்னலருகே நின்றாள். எம்மெட் நேரடியாக அட்டையில் வண்ணத்திலேயே வரைந்தார். அதைத் துணி சுற்றி அறைக்குக் கொண்டுவந்து பிரித்தபோது நான் சற்று நேரம் என் வேலையை மறந்து நின்றேன். அதுவரை அவர் வரைந்தவையெல்லாம் நல்ல சுவரொட்டிகள். இது அப்படியல்ல. காலை வெயில் அந்த முதுகின் மேல் விழுந்திருந்தது. காத்திருந்து காத்திருந்து களைத்துப்போன ஒரு முதுகு. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பீன்ஸ் விதை அளவு மச்சம், அதை ஒட்டிக் கடுகளவு இன்னொன்று.

"இத எடுத்துடவா, வெர்னா?" என்று எம்மெட் கேட்டார். நடிகையின் முதுகில் அப்படி ஒன்று இருக்காதே என்று அவருக்கு யோசனை.

"விடுங்க எம்மெட். அது இருக்கறதாலதான் மூச்சு விடற மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் விட்டுவிட்டார். மேலே ஹல்பர்ட் கொடுத்த வாசகத்தைச் சிவப்பில் நான் எழுதினேன்: 'கணவன் கடலில், அவள் யாருக்காகக் கதவைத் திறந்தாள்?' படத்தில் அவள் யாருக்கும் கதவைத் திறப்பதில்லை.

பிப்ரவரியில் சுவரொட்டி நாடு முழுவதும் ஒட்டப்பட்டது. அந்த வருஷம் காற்று எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று எங்கள் மேலிடத்துக்கு உறைக்கவில்லை. சினிமா ஊரைக் கெடுக்கிறது என்று கோயில் கோயிலாகப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கிழக்கே இரண்டு ஊர்களில் எங்கள் சுவரொட்டியைக் கிழித்துத் தெருவில் கொளுத்தினார்கள். தாய்மார் சங்கங்கள் அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பி, படத்தைப் பார்க்காமலே அதைத் தடை செய்யச் சொல்லின. ஒழுக்க விதிகளைக் கவனிக்கும் அலுவலகம் படத்திலிருந்து இருபது நிமிஷத்தை வெட்டச் சொல்லிற்று. இனி விளம்பரத்துக்குப் போகும் ஒவ்வொரு படமும் தங்கள் முத்திரை விழுந்த பிறகே வெளியே போக வேண்டும் என்றது.

ஹல்பர்ட் பத்திரிகைக்காரர்களை அழைத்துப் பேசினார். ஓவியர் தமக்குத் தரப்பட்ட உத்தரவை மீறிவிட்டதாகவும், அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும் மறுநாள் அச்சில் வந்தது. பெயர் போடவில்லை. அன்றைக்கே எம்மெட்டைக் கூப்பிட்டு, பேப்பரில்தான் நீக்கம், நாளையிலிருந்து பின்வாசல் வழியாக வந்து போ, கொஞ்ச நாளில் எல்லாம் ஆறிவிடும் என்று தோளில் தட்டினார்.

நீலப் பென்சில் போட்ட அந்தத் தாள் எம்மெட்டிடம் பத்திரமாக இருந்தது. அதைப் பத்திரிகைக்குக் காட்டுங்கள் என்று நான் சண்டை பிடித்தேன். ஹல்பர்ட்டின் கையெழுத்தே இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும்? எம்மெட் வீட்டில் போய்ச் சொன்னார் போலிருக்கிறது. மறுநாள் ஒடிலியா என்னைத் தேடி ஸ்டூடியோ எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு வந்தாள். காப்பியைத் தொடவே இல்லை.

"அத வெளிய எடுக்கச் சொல்லாத, வெர்னா. தாளக் காட்டினா அடுத்த கேள்வி, நின்னது யாருன்னு வரும். இப்ப யாருக்கும் தெரியாது. தெரியாமயே போகட்டும்."

ஆகவே எம்மெட் வாயைத் திறக்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்தப் பழியைச் சுமந்தார்.

ஜூன் மாதம் அவர்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கெட்ட படங்களைப் பார்ப்பதில்லை என்று ஊரார் எல்லோரும் கையை உயர்த்திச் சத்தியம் செய்யும் கூட்டம். சத்தியத்துக்கு முன் சாட்சியாகச் சில சுவரொட்டிகளைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். அதில் மூன்றாவது எங்களுடையது. ஒடிலியா அன்று மற்றப் பெண்களோடு காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் டூலி என்று ஒரு தையற்காரி. குழுவின் ஆண்டுவிழாவுக்கு எல்லாப் பெண்களுக்கும் உடை தைத்தவள். ஒடிலியாவுக்கு அளவெடுத்து, முதுகுப்பக்கத் துணியில் குண்டூசி குத்திச் சரிபார்த்தவள். அவள் அந்த மூன்றாவது சுவரொட்டியின் எதிரே நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய் அந்த மச்சத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, காப்பி மேஜையைப் பார்த்தாள்.

ஒடிலியா ஊற்றித் தந்திருந்த கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, வேறொருத்தி கையிலிருந்து காப்பி வாங்கிக்கொண்டாள். ஒடிலியாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. சத்தியத்துக்கு எல்லோரும் கை உயர்த்தியபோது அவளும் உயர்த்தினாளாம். சுவரில் தொங்கிய தன் முதுகைப் பார்த்துக்கொண்டே, கெட்டதை இனிப் பார்ப்பதில்லை என்று மற்றவர்களோடு சேர்ந்து சொன்னாளாம்.

அடுத்த ஞாயிற்றுக்குள் பங்கு முழுவதும் தெரிந்துவிட்டது. பாதிரியார் வயதானவர், கொடுமைக்காரர் இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், அவள் மறைக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, ஆண்டவர் மன்னித்துவிட்டார், ஆனால் பெண்கள் கொஞ்சம் கொதிப்பில் இருக்கிறார்கள், பீடத் துணி வேலையை மட்டும் சில நாளைக்கு விட்டுவிடு என்றார். அந்தச் சில நாள் முடியவே இல்லை.

வீட்டுக்கு வந்து அவள் எம்மெட்டிடம் கேட்டதை அவரே பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கு ஜன்னல்கிட்ட நின்னேனே, அப்ப என்னயா பாத்தீங்க, இல்ல அவங்களுக்குக் காட்டப்போறதப் பாத்தீங்களா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும்தான், டில்லி" என்றிருக்கிறார்; வீட்டில் ஒடிலியாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்றைக்குப் பிறகு அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஆனால் ஒடிலியா துணி வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில்தான் உடை மாற்றினாள்.

இதற்கிடையே மிச்சமிருந்த சுவரொட்டிகளை வீணாக்க வேண்டாம், மேலே ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்துவிடலாம் என்று ஹல்பர்ட் முடிவு செய்தார். அந்தத் துண்டில் ஒரு சால்வை வரைந்து தரும்படி எம்மெட்டிடமே கொடுத்தார். ஒரு மணி நேரத்து வேலை. எம்மெட் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். கம்பளி இழை இழையாக வரைந்தார். தோளில் அது விழும் மடிப்பு, கழுத்தோரம் அது சுருளும் விதம், ஓரத்துக் குஞ்சம் ஒன்றையும் விடவில்லை. நான் அதைப் பார்க்க முடியாமல் என் எழுத்துகளின் பக்கம் குனிந்துகொண்டேன். அச்சான துண்டு ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒடிலியாவிடம் காட்டினார். ஏதோ ஒரு மன்னிப்பு கிடைக்கும் என்று நினைத்திருப்பார், பாவம்.

"நல்லா இருக்கு. முன்னாடியே போத்தியிருக்கலாம்" என்றாள்.

அந்தச் சால்வை எம்மெட்டின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. இவ்வளவு இயல்பாக மறைக்க இந்த ஊரில் ஆளில்லை என்று ஹல்பர்ட் கண்டுகொண்டார். அதன்பின் அவருக்குப் புதுப் படம் எதுவும் தரவில்லை. மற்றவர்கள் வரைந்ததும், படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களும் அவர் மேஜைக்கு வரும். அவர் கழுத்தை மூடுவார், பாவாடையை இறக்குவார், முத்தமிடும் இருவருக்கு நடுவே ஒரு பூச்செண்டை வைப்பார். முத்திரை விழுந்து திரும்பும். விளம்பரப் பிரிவில் இருந்த பையன்களுக்கு அவர் 'டெய்லர்' ஆகிவிட்டார்.

"டெய்லர், இவளுக்கு ஒரு பாவாட தச்சுக் குடு, சாயங்காலம் கல்யாணம்" என்று அட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

"சரிப்பா" என்பார். கோபமே வராது. வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒடிலியா பழைய கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, இரண்டு டிராம் மாறி, யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு கோயிலுக்குப் போனாள். ஆகஸ்ட் வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறக் கோட்டோடு கடைசி பெஞ்சில் உட்காருவாள். நான் இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். வியர்வை வழிந்து காலர் நனைந்திருக்கும். கோட்டைக் கழற்றேன் ஒடிலியா, இங்கே யார் பார்க்கிறார்கள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய நகைச்சுவையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டிராமில் போகும்போது தியேட்டர்கள் வரும் பக்கத்தில் அவள் உட்காரவே மாட்டாள்.

முப்பத்தெட்டில் அவள் மார்பில் ஒரு கட்டி வந்திருக்கிறது. அவளுக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. வைத்தியரிடம் போனால் உடையைக் கழற்ற வேண்டும். எம்மெட்டுக்குத் தெரிய வழியே இல்லை. அடுத்த வருஷம் அக்டோபரில், துவைத்த துணியைக் கொடியில் போடும்போது மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். எம்மெட்டும் நானும் ஸ்டூடியோவிலிருந்து ஓடினோம். டாக்டர் வெளியே வந்தபோது ஆத்திரத்தில் இருந்தார்.

"இவ்வளவு பெருசாப் புண்ணாகறவரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? கட்டின புருஷன்தானே, நீங்க பாக்கலையா?"

எம்மெட் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"பாத்து அஞ்சு வருஷம் ஆச்சு, டாக்டர்."

வைத்தியத்தில் செய்வதற்கு இனி ஒன்றும் இருக்கவில்லை. பிப்ரவரியில் ஒடிலியா இறந்தாள். கடைசி வாரங்களில் நர்சுகள் கட்டு மாற்ற வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். எம்மெட் அறைக்கு வெளியே போய் நிற்பார். அவள் போகச் சொன்னதில்லை; அவராகவே போனார்.

அடக்கத்துக்கு முந்தின நாள் பிற்பகலில் டூலி வந்தாள். ஆறு வருஷத்தில் அவளும் கூனிப்போயிருந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய ஓர் உடை. ஒடிலியாவுக்குப் போட்டு அனுப்புங்கள், என் கையாலே தைத்தேன் என்றாள். அழுதாள். நான் கதவைச் சாத்தப் போனேன். எம்மெட் என்னை விலக்கிவிட்டு அதைப் பிரித்துப் பார்த்தார். நீலத் துணி, நீளக் கை.

"கழுத்துவரைக்கும் மூடுமா?" என்று கேட்டார்.

"மூடும்" என்றாள் டூலி.

வாங்கிக்கொண்டார். அதை உடுத்தித்தான் அவளை அடக்கம் செய்தோம். என்னால் டூலியை மன்னிக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. எம்மெட் மன்னித்தாரா, இல்லை மன்னிக்கவும் தெம்பில்லாமல் போய்விட்டாரா, தெரியாது.

யுத்தம் வந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பழைய காகிதத்தைச் சேர்த்து அனுப்பும்படி எல்லா ஸ்டூடியோக்களையும் கேட்டார்கள். நாற்பத்திரண்டாம் வருஷம் வசந்தத்தில் எங்கள் கிடங்கைக் காலி செய்தார்கள். பதினைந்து வருஷத்துச் சுவரொட்டிகளும், மூல ஓவியங்களும் லாரியில் ஏறின. 'துறைமுக மனைவி'யின் மூல அட்டையை நான் முன்பே எடுத்து என் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அந்த மத்தியானம் எம்மெட்டை அறைக்கு இழுத்துவந்து, துணியை நீக்கிக் காட்டினேன். எடுத்துக்கொண்டு போங்கள், இதுபோல ஒன்றை நீங்கள் பிறகு வரைந்ததில்லை, இனியும் வரையப்போவதில்லை என்றேன். அதோடு நெஞ்சில் கிடந்ததையும் சொன்னேன்.

"அந்த மச்சத்த விடச் சொன்னது நான்தான், எம்மெட். நான் சொல்லலைன்னா நீங்க எடுத்திருப்பீங்க."

அவர் அட்டையை நிமிர்த்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எட்டு வருஷம் கழித்து அந்த முதுகைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், வெர்னா. யாரும் பாக்கக் கூடாதுன்னு" என்றார்.

அட்டையைக் கவிழ்த்து மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். லாரியில் மற்றக் கட்டுகளுக்கு நடுவே முகம் கீழாக வைத்து, மேலே இரண்டு கட்டுகளைப் போட்டார். நான் படியிலேயே நின்றேன். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். எந்த உரிமையில் பிடுங்குவது? மச்சத்தைப் பற்றி நான் சொன்னதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அப்புறமும் சொன்னதில்லை.

அந்தக் கோடையில் அவர் வேலையை விட்டுவிட்டார். விமானத் தொழிற்சாலையில் இறக்கைகளுக்கு எண் எழுதும் வேலையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்து அதுவும் போயிற்று. பங்கர் ஹில்லில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். கறுப்பு ரொட்டியும் சாசேஜும் வாங்கிப் போவேன். மரியாதையாக உட்காரச் சொல்வார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். தூரிகை, வண்ணம் எதுவும் அந்த அறையில் இல்லை. ஒருமுறை ஹல்பர்ட் இறந்த செய்தியைச் சொன்னேன். அப்படியா என்றார். பிறகு நான் என் தங்கையோடு இருக்க சான் டியாகோவுக்குப் போய்விட்டேன். கடிதம் எழுதுவேன், வருஷத்துக்கு ஒரு பதில் வரும், அதுவும் நான்கு வரி.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து திரும்பி வந்தது. விசாரித்தபோது, ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார் என்று அந்த வீட்டுக்காரம்மா சொன்னாள். சொந்தக்காரர் விலாசம் எதுவும் அவர் அறையில் இல்லையாம். என் கடிதங்களைக்கூட அவர் வைத்திருக்கவில்லை. ஒடிலியா இறந்தபிறகு அவர் எந்தக் கோயிலிலும் காலெடுத்து வைக்காததால், அவர் கத்தோலிக்கர் என்று சொல்ல யாரும் இல்லை. நகராட்சி தன் செலவில் ஊருக்குக் கிழக்கே பொது மயானத்தில் அடக்கம் செய்திருக்கிறது. கல் இல்லை, எண் பொறித்த ஒரு சின்னத் தகடு.

ஒடிலியாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று இடம் இருந்தது. அது இன்னும் காலியாகவே இருக்கிறது. அங்கே மாற்றிவிட முடியுமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். உறவினர் கையெழுத்து வேண்டுமாம். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே சுவரொட்டியில் அவர் படம் வரைவார், நான் எழுத்து வரைவேன் என்றேன். அந்தப் படிவத்தில் அதை எழுத இடமில்லை.